ஃபுல்பேக் இடத்துக்கு இவ்ளோ அடிதடியா? என்எஃப்எல் ரோஸ்டர் சண்டை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் வந்தாலே என்எஃப்எல் (அமெரிக்காவோட தொழில்முறை ஃபுட்பால் லீக்) பாக்குற நம்மாளுங்க எல்லாரும் பந்தை எறியிற குவார்ட்டர்பேக் யாரு, பிடிக்கிற ரிசீவர் யாருன்னுதான் பேசுவாங்க, ரோஸ்டர்ல, அதாவது டீம் ஆளுங்க லிஸ்ட்ல, கடைசி நாலஞ்சு இடத்துக்கு நடக்குற சண்டையை ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. எனக்கு அதுதான் பிடிக்கும், அதுலயும் ஃபுல்பேக் சண்டை. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்கு ஒரே இடத்துல பதில் போட்டு வைக்கிறேன்.

ஃபுல்பேக்னா சாக்கர்ல ஓரத்துல ஓடுறவர்தானே?

இல்லங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். குவார்ட்டர்பேக்குக்கு பின்னாடி, பந்தை வாங்கி ஓடுற ரன்னிங் பேக்குக்கு முன்னாடி, பல நேரம் ஒரு கையைத் தரையில ஊனி நிக்கிற 240, 250 பவுண்டு ஆளு. சாக்கரை இதோட விட்டுடுவோம்.

சரி, அவருக்கு என்ன வேலை? பந்தையே தொட மாட்டாரா?

தொடுவாரு, எப்பவாச்சும். முக்கிய வேலை என்னன்னா ரன்னிங் பேக் ஓடப்போற சந்துக்குள்ள இவர் முதல்ல பாய்ஞ்சு எதிர்ல வர்ற லைன்பேக்கரை (எதிர் டீம் டிஃபென்ஸ்ல ரெண்டாவது வரிசை ஆளு) முட்டித் தள்ளணும், அதான் லீட் பிளாக். தேரோட்டத்துல சக்கரத்துக்கு கட்டை போடுற ஆளை யாரும் போட்டோ எடுக்கிறதில்ல, ஆனா தேர் திரும்புறது அவர் கட்டையை வச்சுதான், இவர் பொழப்பும் அப்படித்தான். இது மட்டும்னு நினைச்சுடாதீங்க, ஓரத்துல நிக்கிற டிஃபென்சிவ் எண்டை வெளிப்பக்கமா தள்ளுறது கிக்அவுட், லைன்காரங்க வேணும்னே விட்டுவச்ச டிஃபென்சிவ் டாக்கிளைப் பக்கவாட்டுல வந்து அடிக்கிறது வாம், பாஸ் ஆட்டத்துல எந்தப் பக்கமிருந்து பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க கூடுதல் ஆளுங்க பாயிறது) வருதுன்னு கண்டுபிடிச்சு குவார்ட்டர்பேக் மேல ஆள் விழாம நிறுத்துறது, ஒரு யார்ட் தேவைப்படும்போது தானே பந்தை வாங்கி மோதுறது, இத்தனையும் இருக்கு.

லொரென்சோ நீல்னு ஒருத்தர் இருந்தாரு. 1997ல இருந்து 2007 வரைக்கும் தொடர்ந்து 11 சீசன், டீம் மாறி மாறிப் போயும், இவர் யாருக்கு முன்னாடி ஓடினாரோ அவர் 1,000 யார்ட் தாண்டிட்டாரு. 2006ல லடேனியன் டாம்லின்சன் 31 டச்டவுன் போட்டு ரெக்கார்ட் வச்சப்போ முன்னாடி ஓடினதும் இவர்தான். டாம்லின்சன் பேரு எல்லாருக்கும் தெரியும். நீல் பேரு?

பழைய காலத்துல ஃபுல்பேக்தான் ஸ்டார்னு சொல்றாங்களே?

ஆமா. ஜிம் பிரவுன் ஃபுல்பேக்தான், 1957ல இருந்து 1965 வரைக்கும் 9 சீசன் ஆடி அதுல 8ல லீக்லயே அதிக யார்ட் ஓடினவர். 1972ல ஒரு மேட்ச் கூட தோக்காத மயாமி டால்பின்ஸ்ல லாரி சோங்கா. அப்போ ஃபுல்பேக் பந்தை வாங்கி ஓடுவாரு. அந்த வேலை போய் ரொம்ப வருஷமாச்சு, இப்போ இருக்கிறது பேருக்குதான் அதே பொசிஷன்.

இப்போ எல்லா டீம்லயும் ஃபுல்பேக் இருக்காங்களா?

இல்ல, 32 டீம்ல ஏறக்குறைய பாதியில இருப்பாங்க, மத்தவங்க டைட் எண்டை (லைன் ஓரத்துல நின்னு பிளாக்கும் பண்ணி பந்தும் பிடிக்கிறவர்) வச்சே ஒப்பேத்திடுவாங்க. காரணம் சிம்பிள், இப்போ பெரும்பாலான டீம் மூணு ரிசீவர், ஒரு டைட் எண்ட், ஒரு ரன்னிங் பேக்னு 11 பெர்சனல்லதான் ஆடுறாங்க, அதுல ஃபுல்பேக்குக்கு இடமே கிடையாது. குவார்ட்டர்பேக் ஷாட்கன்ல, அதாவது லைனுக்கு சில அடி பின்னாடி நின்னுட்டா, ஐ ஃபார்மேஷன் (குவார்ட்டர்பேக், ஃபுல்பேக், ரன்னிங் பேக் ஒரே நேர்கோட்டுல நிக்கிறது) எங்க வரும்? காலேஜ்லயும் எல்லாரும் ஸ்ப்ரெட் (ரிசீவர்களை அகலமாப் பரப்பி நிறுத்துறது) ஆட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால ஃபுல்பேக்காவே வளர்ந்து வர்ற பசங்க கம்மி. கடைசியில நடக்குறது என்னன்னா டைட் எண்ட், லைன்பேக்கர், டிஃபென்சிவ் லைன்ல இருந்தெல்லாம் ஆளைப் பிடிச்சு ஃபுல்பேக் ஆக்குறாங்க.

ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு. எல்லாரும் ரிசீவரை நிறுத்தவும் டிஃபென்ஸ் காரங்களும் பெரிய லைன்பேக்கரை எடுத்துட்டு சின்ன, வேகமான ஆளுங்களைப் போட்டாங்க, அந்த சின்ன ஆளுங்க மேல 250 பவுண்டு ஃபுல்பேக்கை ஏவி விட்டா என்ன ஆகும்னு சான் ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸ் கோச் கைல் ஷனஹான் வருஷக்கணக்கா காட்டிட்டு இருக்காரு.

53 பேர்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கு எப்படி?

டிரெய்னிங் கேம்ப்ல 90 பேர் வரைக்கும் இருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில ஒரு செவ்வாய்க்கிழமை, நியூயார்க் டைம் மாலை 4 மணிக்குள்ள (நமக்கு புதன் விடிகாலை 1:30) அதை 53 ஆக்கணும். ஒரு டீமுக்கு 37 பேர் வெளியே, 32 டீமுக்கும் சேர்த்தா 1,184 பேர். முன்னாடி 75 பேர், 80 பேர்னு தவணை முறையில வெட்டுவாங்க, 2023ல இருந்து ஒரே வெட்டுதான்.

அந்த 53ல கிக்கர், பண்ட்டர், லாங் ஸ்னாப்பர்னு 3 போயிடும், மீதி 50, அஃபென்ஸுக்கும் டிஃபென்ஸுக்கும் பாதிப் பாதின்னு வைங்க. அஃபென்ஸ்ல குவார்ட்டர்பேக் 2 இல்லன்னா 3, லைன்ல 9, ரிசீவர் 5, 6, டைட் எண்ட் 3, 4, ரன்னிங் பேக் 3, 4. கூட்டிப் பாருங்க, ஃபுல்பேக்குக்கு மிஞ்சுறது ஒரு இடம், பல டீம்ல அதுவும் இல்ல. இன்னொரு விஷயம், மேட்ச் அன்னிக்கு 53 பேரும் ஆட முடியாது, லைன்காரங்க 8 பேர் இருந்தா 48 பேர், இல்லன்னா 47. ரோஸ்டர்ல இருந்தும் வேட்டி கட்டி வெளியே நிக்கிற ஆளா ஃபுல்பேக்கை வச்சுக்க எந்த கோச்சுக்கும் மனசு வராது.

அப்போ ரெண்டு ஃபுல்பேக் கேம்ப்ல இருந்தா அவங்க ரெண்டு பேருக்கும்தான் போட்டியா?

இங்கதான் எல்லாரும் தப்பா கணக்கு போடுறாங்க. பேப்பர்ல பாத்தா அப்படித்தான் தெரியும், டெப்த் சார்ட்ல ஃபுல்பேக்னு ஒரு வரி, அதுல ரெண்டு பேரு, ஒருத்தன் ஜெயிப்பான் ஒருத்தன் தோப்பான். நிஜத்துல அந்த ரெண்டு பேரும் சேர்ந்து நாலாவது டைட் எண்ட், நாலாவது ரன்னிங் பேக், ஆறாவது லைன்பேக்கர் இவங்களோட மோதிட்டு இருக்காங்க. ஜெனரல் மேனேஜர் கேக்குற கேள்வி "இவனா அவனா" இல்ல, "இந்த வேலைக்குன்னு தனியா ஒரு ஆள் நமக்கு வேணுமா" அப்படிங்கிறதுதான். வேணாம்னு முடிவாயிடுச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே நாள்ல வீட்டுக்குப் போவாங்க, போட்டியில ஜெயிச்சவனும் சேர்த்து.

ஒரு மேட்ச்ல அஃபென்ஸ் சுமாரா 60, 65 ஸ்னாப் (பந்து ஒரு தடவை ஆட்டத்துக்கு வந்தா ஒரு ஸ்னாப்) ஆடுதுன்னா பல ஃபுல்பேக்குக்கு கிடைக்கிறது 10, 15, நல்ல நாள்ல 20. அந்த பதினஞ்சு ஸ்னாப்புக்காக மட்டும் ஒரு சீட் ஒதுக்க மாட்டாங்க, அதனால மீதி நேரம் நீ என்ன பண்ணுவன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் ஸ்பெஷல் டீம்ஸ்.

ஸ்பெஷல் டீம்ஸ்னா கிக் அடிக்கும்போது ஓடுறதுதானே, அதுல என்ன இருக்கு?

ரொம்ப இருக்கு. கிக்காஃப்ல ஓடிப்போய் ஆளைப் பிடிக்கிறது, கிக்காஃப் ரிட்டர்ன்ல பிளாக் பண்றது, பண்ட்ல (பந்தை எதிர் டீம் பக்கம் தூரமா உதைச்சு விடுறது) பண்ட்டருக்கு முன்னாடி அரண் மாதிரி நிக்கிறது, எதிர் டீம் பண்ட் அடிக்கும்போது ஓடி வர்றவனை மறிக்கிறது, இந்த நாலுலயும் ஒருத்தன் இருந்தா அவனுக்கு மேட்ச்ல இன்னும் 15, 20 ஸ்னாப் சேர்ந்துடும். ஸ்பெஷல் டீம்ஸ் கோச் மீட்டிங்ல "எனக்கு இவன் வேணும்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சீட் உறுதி. அவர் வாயே திறக்கலன்னா எவ்ளோ பெரிய பிளாக்கரா இருந்தாலும் சந்தேகம்தான்.

பென் வான்சுமரன் கதையைப் பாருங்க. பிலடெல்பியா ஈகிள்ஸ்ல லைன்பேக்கர், ஸ்பெஷல் டீம்ஸ்ல நல்ல பேரு, 2025 கேம்ப்ல அவரை ஃபுல்பேக் ஆக்கினாங்க, 53லயும் வந்துட்டாரு. செப்டம்பர் 4ம் தேதி டல்லஸ் கவ்பாய்ஸோட சீசனோட முதல் மேட்ச், முதல் கிக்காஃப், அதுலயே முழங்கால் போய் வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. ஃபுல்பேக்கா ஒரு பிளாக் பண்றதுக்கு முன்னாடியே. கொடுமைதான், ஆனா சோறு போடுற வேலை எதுன்னு இதுல தெரியுது பாருங்க.

கேம்ப்ல யார் நல்லா ஆடுறாங்கன்னு எப்படி முடிவு பண்றாங்க?

மே, ஜூன் மாசத்துல நடக்குற பிராக்டீஸ்ல பேட் (தோள், உடம்புக் கவசம்) கிடையாது, மோதல் கிடையாது. ரிசீவர் பந்து பிடிச்சுக் காட்டலாம், குவார்ட்டர்பேக் எறிஞ்சு காட்டலாம், மோதுறதையே தொழிலா வச்சிருக்கிறவன் என்னத்தைக் காட்டுவான்? பேட் போட்டு ஆடுற நாள் ஜூலை கடைசியிலதான் ஆரம்பிக்கும், அதுக்கும் இப்போ கட்டுப்பாடு, 2011ல லீக்கும் பிளேயர் யூனியனும் போட்ட ஒப்பந்தத்துல ஒரே நாள்ல ரெண்டு தடவை பேட் போட்டு ஆடுறது போச்சு, 2020 ஒப்பந்தத்துல கேம்ப் முழுக்க பேட் பிராக்டீஸ் 16 தான்னு ஆயிடுச்சு. ஆளுக்கு ஆள் நேருக்கு நேர் மோதுற ஓக்லஹோமா டிரில்னு ஒண்ணு இருந்துச்சு, ஃபுல்பேக் பேரு வாங்குறதே அதுலதான், 2019ல அதையும் தடை பண்ணிட்டாங்க. பசங்க உடம்புக்கு நல்லதுதான், நான் குறை சொல்லல, ஆனா புதுசா வர்ற ஃபுல்பேக் தன்னை நிரூபிக்க கிடைக்கிற நாள் விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

மிச்சம் ப்ரீசீசன் மேட்ச், அதுவும் 2021ல இருந்து 4 இல்ல, 3. அதனால அந்த மூணு மேட்ச்ல கடைசி குவார்ட்டர் வரைக்கும் பாருங்க, ஸ்டேடியத்துல பாதிப் பேர் கிளம்பியிருப்பாங்க, களத்துல இருக்கிறவனுக்கு அதுதான் பரீட்சை. முக்கியமா யார் முதல் குவார்ட்டர்லயே பண்ட் டீம்ல நிக்கிறாங்கன்னு பாருங்க, கோச் மனசுல யார் இருக்காங்கன்னு அங்கயே தெரிஞ்சுடும்.

ஒரே டீம் மூணு ஃபுல்பேக்கை வச்சிருந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. கிரீன் பே பேக்கர்ஸ். அந்தக் கதையை ஒழுங்கா சொல்லியே ஆகணும்.

2007ல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கோரி ஹால், பாய்சி ஸ்டேட் காலேஜ்ல லைன்பேக்கரா ஆடினவர், 6வது ரவுண்டுல டிராஃப்ட் (காலேஜ் பசங்களை டீம்ங்க வரிசை போட்டு எடுக்கிறது) பண்ணி ஃபுல்பேக் ஆக்கினாங்க, ஸ்பெஷல் டீம்ஸ்ல கெட்டிக்காரர். இன்னொருத்தர் ஜான் கூன், ஷிப்பன்ஸ்பர்க்னு ஒரு சின்ன காலேஜ், டிராஃப்ட்ல யாருமே எடுக்கல, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கழட்டி விட்டப்போ பேக்கர்ஸ் வேவர்ஸ்ல (கழட்டி விட்ட ஆளை மத்த டீம் கேட்டு எடுக்கிற முறை) பிடிச்சாங்க. 2009ல 5வது ரவுண்டுல எல்எஸ்யூ காலேஜ்ல இருந்து குவின் ஜான்சன்னு ஒருத்தரை எடுத்தாங்க, மூணு பேர்லயும் பெரிய ஆளு, நேரா மோதுறதுல கெட்டி. எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா பழைய ரெண்டு பேர்ல ஒருத்தர் காலி, ஒருவேளை ரெண்டு பேரும் காலின்னு. கோச் மைக் மெக்கார்த்தி மூணு பேரையும் வச்சுக்கிட்டாரு. 2010லயும் அதே மூணு பேர், ரன்னிங் பேக் ரெண்டே பேர். ஊரே சிரிச்சுது, ஆரோன் ராஜர்ஸ் மாதிரி எறியிற ஆளை வச்சுக்கிட்டு மூணு ஃபுல்பேக்கான்னு.

முதல் மேட்ச்லயே ரன்னிங் பேக் ரையன் கிராண்டுக்கு கணுக்கால் போச்சு, சீசனே முடிஞ்சுது. அப்போ பந்தை வாங்கி ஓட ஆரம்பிச்சவங்கள்ல கூனும் ஒருத்தர், அவர் பந்தைத் தொட்டாலே ஸ்டேடியம் பூரா "கூஊஊன்"னு இழுக்கும், வெளியூர்க்காரங்க கேட்டா திட்டுறாங்கன்னு நினைப்பாங்க. அந்த சீசன் கடைசியில ஸ்டீலர்ஸையே 31-25ல அடிச்சு லீக்கோட இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க, கூனைக் கழட்டி விட்ட அதே ஸ்டீலர்ஸ்.

ஆனா அது அதோட முடிஞ்சுது. 2011ல ஹால் நியூ ஆர்லியன்ஸ் போயிட்டாரு, ஜான்சனை டென்னசி டைட்டன்ஸுக்கு டிரேட் பண்ணிட்டாங்க, மூணு பேர்ல டிராஃப்டே ஆகாத கூன் மட்டும் 2015 சீசன் வரைக்கும் நின்னாரு. ஏன் அவரு? மோதுறதுல ஜான்சன் ஒசத்தி, கிக்காஃப்ல ஹால் ஒசத்தி. கூன் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம், அதோட ராஜர்ஸ் பாஸ் ஆடும்போது களத்துல விட்டு வைக்கலாம்ங்கிற நம்பிக்கை. 2013 டிசம்பர் 29, சிகாகோ பேர்ஸோட கடைசி மேட்ச், டிவிஷன் யாருக்குன்னு முடிவாகுற மேட்ச், ஒரு நிமிஷம் கூட மிச்சமில்ல, 4வது டவுன், அதாவது கடைசி முயற்சி, 8 யார்ட் வேணும். ஜூலியஸ் பெப்பர்ஸ் யாரும் தடுக்காம நேரா ராஜர்ஸ் மேல வர்றாரு, கூன் குறுக்க ஓடிவந்து அவர் காலடியில விழுந்து தட்டி விட்டாரு, ராஜர்ஸ் வெளிய ஓடி ராண்டல் காப்புக்கு 48 யார்ட் டச்டவுன் எறிஞ்சாரு, 33-28. ஹைலைட்ல காப்தான் வருவாரு. ரோஸ்டர் சீட் எதுக்குக் கொடுக்குறாங்கன்னு கேட்டா நான் அந்த கூன் பிளாக்கைத்தான் காட்டுவேன்.

டிராஃப்ட்ல எடுத்த ஆளுக்கு இடம் உறுதிதானே?

ஃபுல்பேக்குக்கு அப்படியெல்லாம் கிடையாது. முதல்ல, டிராஃப்ட்ல எடுக்குறதே அபூர்வம், எடுத்தாலும் பெரும்பாலும் 4வது ரவுண்டுலயோ அதுக்குக் கீழயோதான். 2021ல பால்டிமோர் ரேவன்ஸ் மிச்சிகன் காலேஜ் ஃபுல்பேக் பென் மேசனை 5வது ரவுண்டுல எடுத்தாங்க, ஆகஸ்ட் கடைசியில வெட்டிட்டாங்க. ஏன்னா அங்க ஏற்கனவே பேட்ரிக் ரிகார்ட் இருந்தாரு, மெய்ன் காலேஜ்ல டிஃபென்சிவ் லைன், 2017ல டிராஃப்ட் ஆகாம வந்தவர், 300 பவுண்டு, 2019ல டிஃபென்ஸ்லயும் ஆடி ஃபுல்பேக்காவும் ஆடினாரு. அந்த வருஷம் ரேவன்ஸ் ஓடினது 3,296 யார்ட், லீக் ரெக்கார்ட். அந்த மலையைத் தாண்டி ஒரு புதுப் பையன் எங்க போக?

டிராஃப்ட் ஆகாதவங்க லிஸ்ட்தான் நீளம்: அலெக் இங்கோல்ட், ரெஜி கில்லியம், ஹன்டர் லூப்கி, எல்லாரும் அப்படித்தான். மினசோட்டா வைக்கிங்ஸ் சி.ஜே. ஹாம் இன்னும் ஒரு படி கீழ இருந்து வந்தவர், சொந்த மாநிலத்து பையன், அகஸ்டானான்னு சின்ன காலேஜ்ல ரன்னிங் பேக், 2016ல கான்ட்ராக்ட் கூட இல்லாம டிரையவுட்டுக்கு வந்து, பிராக்டீஸ் ஸ்குவாட்ல (53க்கு வெளியே பயிற்சிக்குன்னு வச்சிருக்கிற ஆளுங்க) இருந்து, அப்புறம் ஃபுல்பேக்கா மாறி ப்ரோ பவுல் (சீசனோட சிறந்த ஆளுங்களுக்கான ஆல்-ஸ்டார் தேர்வு) வரைக்கும் போனாரு.

பெரிய பேரு வாங்கின ஃபுல்பேக்கைக் கூடத் தூக்குவாங்களா?

தாராளமா. வோன்டா லீச் மூணு தடவை தொடர்ந்து ப்ரோ பவுல் போனவர், 2010ல டிராஃப்டே ஆகாத ஏரியன் ஃபோஸ்டர் 1,616 யார்ட் ஓடினப்போ முன்னாடி ஓடினது இவர்தான். ரேவன்ஸோட சூப்பர் பவுலும் ஜெயிச்சாரு. சில மாசத்துலயே, 2013 ஏப்ரல்ல, ஹார்வர்டு பையன் கைல் யூஸ்செக்கை 4வது ரவுண்டுல எடுத்தாங்க, ஜூன்ல லீச்சைக் கழட்டி விட்டாங்க, ஜூலைல கம்மி காசுக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க, ஒரு சீசன் ரெண்டு பேரும் இருந்தாங்க, அதோட லீச் போயிட்டாரு.

அந்த யூஸ்செக் 2017ல 49யர்ஸுக்குப் போய் 4 வருஷத்துக்கு 21 மில்லியன் டாலர் வாங்கினப்போ ஃபுல்பேக்குக்கா இவ்ளோ காசுன்னு எல்லாரும் கேலி பண்ணாங்க, அப்புறம் வருஷா வருஷம் ப்ரோ பவுல், சூப்பர் பவுல்ல ஒரு டச்டவுன் கேட்ச், யாரும் பேசல. சரி, 2025 மார்ச்ல என்ன ஆச்சு? அதே 49யர்ஸ் அவரை ரிலீஸ் பண்ணாங்க. சில நாள்லயே 2 வருஷ டீல்ல திரும்ப எடுத்துக்கிட்டாங்கன்றது வேற விஷயம். லீக்லயே நம்பர் ஒன் ஆளுக்கே இந்த நிலைமைன்னா மத்தவங்க பாடு என்னன்னு யோசிச்சுக்குங்க.

ஃபுல்பேக் அடிபட்டா டீம் என்ன பண்ணும்? பேக்கப்பே இருக்க மாட்டாரே?

இருக்க மாட்டாரு, அதான் வேடிக்கை. 2019 நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை எடுத்துக்குங்க. ஜேம்ஸ் டெவ்லின்னு அருமையான ஃபுல்பேக், பிரவுன் யூனிவர்சிட்டில டிஃபென்ஸ்ல ஆடி, அரீனா லீக், யுஎஃப்எல்னு சின்ன லீக்ல எல்லாம் சுத்தி, சின்சினாட்டி பிராக்டீஸ் ஸ்குவாட்ல இருந்து, கடைசியா பேட்ரியட்ஸ்ல வந்து மூணு சூப்பர் பவுல் மோதிரம் வாங்கினவர். 2019 செப்டம்பர்ல அவருக்குக் கழுத்துல காயம். அடுத்து யாரு? ஜேகப் ஜான்சன், ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் ஊர்க்காரர், வெளிநாட்டு ஆளுங்களைக் கொண்டு வர்ற என்எஃப்எல் திட்டத்துல வந்து பிராக்டீஸ் ஸ்குவாட்ல இருந்தாரு, அவரை மேல ஏத்தினாங்க. நாலு மேட்ச், அவருக்கும் காயம். இப்போ யாரு? டிஃபென்ஸ் கேப்டன்ல ஒருத்தரான லைன்பேக்கர் எலான்டன் ராபர்ட்ஸைக் கூப்பிட்டு நீ ஃபுல்பேக் ஆடுன்னுட்டாரு கோச் பெலிசிக். அவரும் ஆடினாரு, டிசம்பர் 29 மயாமி மேட்ச்ல டாம் பிரேடிகிட்ட இருந்து 38 யார்ட் டச்டவுன் வேற பிடிச்சாரு. மேட்ச் தோத்தாங்க, அது தனிக்கதை.

2020 ஏப்ரல்ல டெவ்லின் ரிட்டயர் ஆயிட்டாரு. அதுக்கு முன்னாடியே டேனி வைட்டேல்னு அனுபவசாலியை எடுத்து வச்சிருந்தாங்க, அவர் கொரோனா காரணமா அந்த சீசன் ஆடலன்னு ஒதுங்கிட்டாரு. மிஞ்சினது யாரு, ஸ்டுட்கார்ட் பையன். ரெண்டு சீசன் அவர்தான் ஃபுல்பேக். யாரையும் போட்டியில அடிச்சு வீழ்த்தல, எல்லாரும் விழுந்தப்போ இவர் நின்னுட்டு இருந்தாரு, அவ்ளோதான். திறமை இல்லன்னு சொல்லல, திறமையோட நேரமும் சேரணும்.

கோச் மாறினா ஃபுல்பேக் கதி?

அவர் கதியே கோச் கையிலதான். மைக் மெக்டேனியல் ஷனஹான்கிட்ட வேலை பாத்தவர், 2022ல மயாமிக்கு ஹெட் கோச் ஆனதும் கையோட இங்கோல்டை எடுத்தாரு. பேட்ரியட்ஸ்ல கோச்சா இருந்த ஜோஷ் மெக்டேனியல்ஸ் அதே வருஷம் ரெய்டர்ஸ் போனப்போ ஜேகப் ஜான்சனும் பின்னாடியே போனாரு. 2024ல ஜிம் ஹார்பா சார்ஜர்ஸுக்கு வந்தாரு, ஸ்காட் மேட்லாக்னு டிஃபென்சிவ் லைன் ஆளை ஃபுல்பேக் ஆக்கிட்டாரு. புது கோச் ஷாட்கன் பைத்தியமா இருந்தா இதே கதை தலைகீழா நடக்கும், போன வருஷம் சூப்பரா ஆடின ஃபுல்பேக்குக்கு மார்ச்லயே போன் வந்துடும். அதனால ஒரு ஃபுல்பேக் டீம்ல நிப்பாரான்னு தெரியணும்னா அவரோட வீடியோவைப் பாக்குறதை விட அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (அஃபென்ஸுக்குத் திட்டம் போடுற கோச்) இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தாருன்னு பாருங்க.

காசு விஷயத்துல எவ்ளோ வித்தியாசம்?

நிறைய. 2025 கணக்குப்படி 53ல இருக்கிற புது ஆளுக்குக் குறைஞ்சபட்ச சம்பளம் 8,40,000 டாலர், நம்ம காசுக்கு 7 கோடி கிட்ட. பிராக்டீஸ் ஸ்குவாட்ல வாரம் 13,000 டாலர், 18 வாரமும் இருந்தா 2,34,000. மூணு மடங்குக்கு மேல வித்தியாசம். அதுவும் கேரண்டி கிடையாது, எந்த வாரம் வேணும்னாலும் அனுப்பலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்றது வீடு வாங்குறதா வாடகையில இருக்கிறதாங்கிற கேள்வி.

வெட்டுறதை எப்படி சொல்வாங்க?

ஸ்டாஃப்ல ஒருத்தர் வருவாரு, கோச் கூப்பிடுறாரு, பிளேபுக்கை எடுத்துட்டு வான்னு. அந்த ஆளுக்கு "டர்க்"னு பட்டப்பேரு. இப்போ பிளேபுக் எல்லாம் டேப்லெட்ல வந்துடுச்சு, வாங்கி வச்சுக்கிறது மட்டும் மாறல.

கட் லிஸ்ட்ல நமக்குப் பிடிச்ச ஃபுல்பேக் பேர் வந்துடுச்சு, முடிஞ்சுதா?

அவசரப்படாதீங்க. நாலு சீசனுக்குக் கம்மியா ஆடினவர்னா வேவர்ஸுக்குப் போவாரு, மத்த 31 டீமும் ஒரு நாளைக்குள்ள கேக்கலாம், ரெண்டு டீம் கேட்டா போன சீசன்ல மோசமா ஆடின டீமுக்கு முன்னுரிமை. யாரும் கேக்கலன்னா பிராக்டீஸ் ஸ்குவாட், அங்க 16 இடம் இருக்கு, அங்கிருந்து ஒரே சீசன்ல மூணு மேட்ச் வரைக்கும் மேல ஏத்தி ஆட வச்சுட்டுத் திரும்ப இறக்கிக்கலாம், பல டீம் இப்போ ஃபுல்பேக்கை இப்படித்தான் ஓட்டுறாங்க, கோல் லைன் வேலை இருக்குன்னு தோணுற வாரம் மட்டும் ஏத்துறது.

நாலு சீசன் முடிச்ச சீனியர்னா வேவர்ஸ் கிடையாது, அன்னிக்கே ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமோடயும் சேரலாம். இங்க ஒரு தந்திரம் உண்டு. அடிபட்ட ஆளை 53ல வச்சுட்டு மறுநாள் இஞ்சுர்ட் ரிசர்வுக்கு (53 கணக்குல வராத காயக்காரங்க லிஸ்ட்) மாத்த டீம் பிளான் பண்ணியிருக்கும், அதுவரைக்கும் யாரையாவது வெளியே வைக்கணும், அதுக்கு சீனியர் ஃபுல்பேக்தான் தோதான ஆளு, "ஒரு நாள் வீட்ல இரு, நாளைக்குக் கூப்பிடுறோம்"னு சொல்லி அனுப்புவாங்க, வேற டீம் வந்து தூக்கிட்டுப் போயிடும்னு பெருசா பயமும் இல்ல. அதனால செவ்வாய்க்கிழமை லிஸ்டைப் பாத்து ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டுடாதீங்க, புதன், வியாழன் ரெண்டு நாள் டீம் அறிவிப்பைப் பாத்துட்டுப் போடுங்க.